உடையும் கலமும் உடையாத மரபும்

பித்தளைக் குத்துவிளக்கைப் பாட்டி பேத்திக்குச் சீதனமாகக் கொடுக்கலாம். மண் விளக்கோ நாளடைவில் உடைந்துபோகும். அப்படியானால் மண் கலத்தில் தலைமுறைதோறும் கைமாறி வருவது யாது? கலமன்று, அதை வனையும் கைப்பழக்கமே என்போம்.

பொள்ளாச்சியிலும் உடுமலைப்பேட்டையிலும் மாரியம்மன் திருவிழாவில் கம்பம் நட்டபின், பெண்கள் நேர்த்திக்கடனாகப் பூவோடு ஏந்தி வருவதை நேயர்கள் கண்டிருப்பார்கள். தணலைத் தாங்கும் அந்தச் சட்டி குயவர் வீட்டுச் சூளையில் வெந்தது. மணப்பந்தலுக்குரிய அரசாணிப் பானையும் அங்கிருந்தே வருகிறது. இது ஒரு கையால் ஆகும் தொழிலன்று. ஒருவர் மண்ணை மிதித்துப் பதமாக்க, மற்றொருவர் சக்கரத்தில் வனைகிறார். ஈரம் சற்று உலர்ந்ததும், உள்ளே கல்லும் வெளியே பலகையும் கொண்டு தட்டித் தட்டிப் பானையின் அடியை மூட வேண்டும். அந்தப் பதத்தை எந்த நூலும் கற்பிக்காது. பெரியவர் பக்கத்தில் அமர்ந்தே சிறியவர் அறிய வேண்டும்.

யூத மக்களிடமும் இதற்கு ஒப்பானதொன்று உண்டு. பாஸ்கா இரவின் விருந்துத் தட்டையும், ஹனுக்கா பண்டிகையின் எட்டு இரவுகளுக்குரிய விளக்கையும் முதியோரும் சிறுவரும் கூடிக் களிமண்ணில் செய்து மகிழ்வர். தீட்டுப்பட்ட மண்பாண்டத்தை உடைத்துவிட வேண்டும் என்று லேவியராகமம் 11-ஆம் அதிகாரம் விதிக்கிறது. தீட்டுக் கழிந்ததும் பழம்பானையை எறிந்து புதுப்பானை வாங்குவது நம் முன்னோர் வழக்கமும் அன்றோ? உடைவதனாலேயே மீண்டும் வனைய வேண்டியிருக்கிறது. மீண்டும் வனைவதனாலேயே தொழில் மறவாமல் நிற்கிறது.

பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கொச்சிக்குச் சென்றால், மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த யூதர் ஜெபாலயத்தை இன்றும் காணலாம். ஆயினும் 1948-க்குப்பின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். கட்டடம் இங்கே நின்றது. பண்டிகையோ மக்களுடன் சென்றது. மரபு பொருளில் இல்லை, மனிதரிடமே இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நொய்யற்கரைக் கொடுமணலில் 1985-இல் தொடங்கிய அகழாய்வில், தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. அக்கலங்கள் சில்லுகளாயின. ஆனால் கொங்கு நாட்டில் மண் வனையும் கைகள் இன்னும் ஓயவில்லை.

அக்கைகள் ஓய்ந்துவிடுமோ என்பதே நமது கவலை. குயவர் வீட்டுப் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குச் செல்வதை நாம் குறை கூறலாகாது. நம் பிள்ளைகளும் அதைத்தானே செய்கிறார்கள்? திருவிழாவுக்குச் சட்டி வேண்டும், கல்யாணத்துக்குப் பானை வேண்டும் என்னும் நாம், விலை சொன்னவுடன் பேரம் பேசுகிறோமே, அதுதான் குறை. உழைப்புக்குத் தகுந்த விலையை முகமலர்ந்து கொடுப்போம். கார்த்திகைக்கு முன்னர் ஒருநாள் நம் குழந்தைகளைக் குயவர் வீட்டுக்கு அழைத்துச் சென்று, அவரிடம் பணிவுடன் கேட்டு, ஆளுக்கோர் அகல் வனையக் கற்பிப்போம். முதல் அகல் கோணலாகத்தான் வரும். அடுத்த ஆண்டு மீண்டும் செல்லட்டும்.