நோயச்சமும் இளைஞரும்

மக்களை வருத்தும் பிணிகள் பல. அப்பிணிகளைக் குறித்து எழும் அச்சங்களோ அவற்றினும் பல. பிணி உடலில் ஓரிடத்தைப் பற்றும். அச்சமோ உள்ளம் முழுவதையும் பற்றும். வயது முதிர்ந்தோர் தம் கவலையை உற்றாரிடம் உரைத்து ஆறுதல் பெறுவர். பதினைந்து, பதினாறு வயதினரோ, சொல்லவும் நாணி, சொல்லாதிருக்கவும் மாட்டாது, தமக்குள்ளேயே நைந்து வாடுவர். இக்காலத்து மாணவ மாணவியரிடையே இவ்வாறு மறைவாக உலவும் அச்சங்களுள் ஒன்று, தைராய்டு என்னும் கழுத்துச் சுரப்பியைப் பற்றியதாகும். அதனைக் குறித்துச் சில கூற விரும்புகின்றேன்.

திருத்தணிகையை எடுத்துக்கொள்வோம். 365 படிகளையுடைய குன்றும் ஆடிக் கிருத்திகைக் காவடியும் அவ்வூரின் பெருமைகள். சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலேயே சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது; இன்றும் அங்குத் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்குகின்றன. அங்கு மேல்வகுப்பில் பயிலும் ஒரு பெண்ணை மனத்திற் கொள்ளுங்கள். படியேறுங்கால் அவளுக்கு நெஞ்சு படபடக்கின்றது; சீப்பில் மயிர் உதிர்கின்றது; வகுப்பில் உறக்கம் வருகின்றது. “தைராய்டாக இருக்கும்” என்று அத்தை தமிழிற் கூறியதையே அடுத்த வீட்டு அம்மையார் தெலுங்கிற் கூறுகின்றார். இரவில் அவள் கைப்பேசியில் தேடத் தொடங்கி, பத்தாவது விடைக்குள் புற்றுநோய்வரை சென்றுவிடுகின்றாள். மறுநாள் முதல் மேலாடையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொள்கின்றாள். இவள் என் கற்பனையில் தோன்றிய பெண்ணே. எனினும் இவளைப் போன்றாரைக் காணாத ஆசிரியர் அரியர்.

இப்பெண்ணை நோக்கி, “வீண் பயம்” என்று நகைப்பவர் ஒரு சாரார். “வெளியிற் சொல்லாதே” என்று வாயடைப்பவர் மற்றொரு சாரார். இவ்விரு திறத்தாரும் அவளுக்குத் தீங்கே செய்கின்றனர் என்பது என் கருத்து. ஐயத்திற்கு மருந்து ஆராய்ச்சியே அன்றி நகைப்பும் அன்று, மறைப்பும் அன்று.

முன்கழுத்தில், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி விரித்த சிறகுபோல் அமைந்திருப்பது இச்சுரப்பி. உணவில் வரும் அயோடினைக் கொண்டு இது ஆக்கும் தைராக்சின் என்னும் நீர், உடலின் வெப்பத்தையும் வளர்ச்சியையும் நெஞ்சின் துடிப்பையும் நெறிப்படுத்துகின்றது. அது குறையின் சோர்வு, குளிர் பொறாமை, மலச்சிக்கல், மாதவிடாய்ப் பிறழ்வு ஆகியன தோன்றும். மிகின் படபடப்பு, கைந்நடுக்கம், உண்டும் உடல் மெலிதல் ஆகியன தோன்றும். இளமையிற் குறைந்தால் உயரம் வளர்தலும் தடைப்படும்.

இக்குறிகளுட் பல, உறக்கமின்மையாலும் இரும்புச்சத்துக் குறைவாலும் தேர்வுக் கவலையாலும் வருவனவே. நோயைப் பற்றிய அச்சமே நெஞ்சைப் படபடக்கச் செய்யும்; அப்படபடப்பையே நோயின் சான்றாகக் கொண்டு மேலும் அஞ்சுவர். ஆதலின் குறிகளை எண்ணிப் பார்த்து ஊகிப்பது பயனற்றது. சிறிதளவு குருதியைச் சோதித்தாற் போதும். சுரப்பி தளர்ந்தவிடத்து, சோம்பிய மாட்டை உழவன் அதட்டுவதுபோல, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்னும் ஊக்கியை மிகுதியாக விடுக்கும். அதன் அளவு, பன்னாள் வருத்திய ஐயத்தைப் பெரும்பாலும் ஒரே நாளில் தீர்த்துவிடும்.

இந்நோயை மாந்தர் அறிவு வென்ற வரலாறு இளைஞர்க்கு ஊக்கமளிப்பதாகும். 1891-இல் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜார்ஜ் மர்ரே, இச்சுரப்பி செயலற்று நலிந்த 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் சுரப்பிச் சாற்றை ஊசிவழிச் செலுத்தினார்; அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1917-இல் அமெரிக்க நாட்டு அக்ரன் நகரில் டேவிட் மரைன் என்பார், பள்ளிச் சிறுமியரிடையே கழுத்துக் கழலையைத் தடுக்க முயன்றார். அயோடின் உப்பை உண்ட 2,190 பேருள் ஐவருக்கே சுரப்பி பருத்தது. உண்ணாத 2,305 பேருள் 495 பேருக்குப் பருத்தது. நம் நாட்டிலும் 1956-இல் தொடங்கி, இமயத்தின் அடிவாரத்துக் காங்கிரா பள்ளத்தாக்கில் இராமலிங்கசுவாமி முதலிய அறிஞர்கள் அயோடின் கலந்த உப்பை அளித்துக் கழலையைக் குறைத்துக் காட்டினர். இளைஞர்க்கு ஒரு நாளைக்கு வேண்டுவது 150 மைக்ரோகிராம் அயோடினே. ஊசிமுனையளவும் ஆகாத அப்பொருள் ஓர் ஊரின் உடல்நலத்தையே மாற்றவல்லது.

இனி, பெருநோய் பற்றிய அச்சத்தை நோக்குவோம். கழுத்து வீக்கம் யாவும் தைராய்டு அன்று. தைராய்டு வீக்கம் யாவும் புற்றுநோயும் அன்று. சுரப்பி முழுதும் சற்றே பருத்தல் இளம்பெண்களிடம் பெரிதும் காணப்படுவது. ஆனால் தனிக் கட்டி தட்டுப்படின், இளவயதினர்க்கு அதனைப் புறக்கணித்தல் ஆகாது. ஸ்கேன் எடுத்தும், வேண்டின் நுண்ணிய ஊசியால் சோதித்தும் தெளிதல் வேண்டும். புற்றே ஆயினும், இளையோர்க்கு வரும் தைராய்டுப் புற்று, தக்க சிகிச்சையால் மிகப் பெரும்பாலோர்க்குக் குணமாவது.

அங்ஙனமாயின், குறியில்லாதார் அனைவரையும் ஸ்கேன் செய்துவிடலாமே எனின், அதுவும் தகாது. தென்கொரிய நாட்டில் அவ்வாறு தேடத் தொடங்கியதன் பயனாக, 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்று 1993-இல் இருந்ததைப்போல் பதினைந்து மடங்காயிற்று. அந்நோயால் இறப்போர் தொகையோ மாறவில்லை. தீங்கு செய்யாது கிடந்த சிறு புற்றுகளுக்காகப் பலர் கத்திக்கு உட்பட்டனர். காரணம் உள்ளவிடத்துச் சோதித்தலும், இல்லாதவிடத்து அமைதலுமே அறிவுடைமை.

இவ்வளவு எளிதாய் அறியவும் ஆற்றவும் கூடிய குறையை நம்மவர் மறைப்பது ஏன்? திருமணச் சந்தையில் பெண்ணின் மதிப்புக் குறையும் என்று பெற்றோர் அஞ்சுவதே காரணம். சுரப்பு குறைந்தவருக்கு வேண்டுவது, நாள்தோறும் காலைக் காப்பிக்கு அரைமணி முன்னர் வெறுவயிற்றில் உண்ணும் ஒரு சிறு மாத்திரையும் உரிய காலத்துச் சோதனையுமே. அவ்வளவில் அவர் பிறரைப்போலவே கற்கவும் உழைக்கவும் மகப்பெறவும் வல்லவராவார். மறைத்து மருந்தை நிறுத்தினாலோ, கருவுற்ற காலத்துத் தாய்க்கு நேரும் சுரப்புக் குறைவு குழவியின் மூளை வளர்ச்சியையும் தாக்கக் கூடும். திருமணத்தின் பொருட்டு மறைத்த மறைப்பு, அத்திருமணத்தின் பயனையே கெடுக்கும் என்பதைப் பெற்றோர் உணர்வாராக.

நாணத்தால் நேர்ந்த கேட்டினை நம் பகுதி முன்னரே கண்டுளது. ஆண் மருத்துவரை அழைக்க இசையாத குடும்பங்களில் மகளிர் மகப்பேற்றில் மாண்டதைக் கண்டு உளம் நொந்த ஐடா ஸ்கடர் அம்மையார், மருத்துவம் கற்று வந்து 1900-இல் வேலூரிற் சிறு மருத்துவ மனையைத் தொடங்கினார். 1918-இல் மகளிர்க்கு மருத்துவப் பள்ளியும் கண்டார். இன்று பெண் மருத்துவர் எங்கணும் உளர். நாணத்திற்கு இனி ஏது இடம்?

ஆதலின் மாணவ நண்பர்களே, ஐயம் தோன்றின் கைப்பேசியைக் கேளாது, தாயிடமோ ஆசிரியரிடமோ கூறி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையை நாடுங்கள். ஆசிரியப் பெருமக்கள், சோர்ந்திருக்கும் மாணவியைச் சோம்பேறி என்று கடியுமுன், உடல்நிலையை ஒருமுறை உசாவுங்கள். முருகப்பிரான் சினம் தணிந்தமையால் தணிகை எனப் பெயர் பெற்றது அக்குன்றம் என்பர். சினத்தைப்போல அச்சமும் தணியத்தக்கதே. அதனைத் தணிப்பது உண்மையை அறிதல் ஒன்றேயாம்.