ஆசனம் எவருடையது?

பாராளுமன்றத்திற் கூச்சலும் கைகலப்பும் நேருந்தோறும், ‘இத்தகையோரைச் சபையை விட்டே துரத்துக!’ என்னும் குரல் படித்தோரிடையே எழுகின்றது. மக்களின் வரிப்பணத்தில் நடைபெறும் சபை சந்தைக்கடையாவதைக் கண்டு மனம் புழுங்குவோரின் குரல் அது. அச்சினம் நமக்கும் உண்டு. ஆயின் அவர்கள் கூறும் மருந்தை நாம் ஏற்கோம்.

ஓர் அங்கத்தவரைச் சபை வெளியேற்றும்போது உண்மையிலே தண்டனை பெறுபவர் எவர்? ஆசனத்தில் அமர்ந்திருந்தவர் ஒருவர்; அவரை அங்கு அமர்த்தியவரோ பல்லாயிரவர். ஒருவரின் குற்றத்துக்காகப் பல்லாயிரவரின் வாயைக் கட்டுவது எவ்வகை நீதி?

வெளியேற்றும் அதிகாரம் ஒழுங்கைக் காக்கவே எழுந்தது என்பர். நம் நாட்டு வரலாறு வேறு கதை சொல்கின்றது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 81ஆம் உறுப்புரை, விசேட சனாதிபதி ஆணைக்குழுவொன்று விதந்துரைத்தால், மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு ஓர் அங்கத்தவரை வெளியேற்றவும் ஏழாண்டு வரை அவரது குடியியல் உரிமையைப் பறிக்கவும் வழி வகுத்தது. 1980 ஒக்டோபரில் அக்கத்தி சிறிமாவோ பண்டாரநாயக்கா மீது பாய்ந்தது. அவரது ஆட்சியை நாம் போற்றவேண்டியதில்லை. ஆயினும் அவர் சபையிற் கதிரையை வீசியவர் அல்லர். ஆளுங்கட்சியின் முதன்மையான அரசியல் எதிரி. அதுவே காரணம்.

1983இல் வெளியேற்றத்துக்குத் தீர்மானமும் தேவைப்படவில்லை. 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டியதைத் தமிழர் விடுதலைக் கூட்டணி ஏற்கவில்லை. யூலைப் படுகொலையின் குருதி காயுமுன், ஓகஸ்டில் ஆறாம் திருத்தம் நிறைவேறியது. தனிநாட்டை ஆதரியோம் என்று சத்தியஞ் செய்தாலன்றிச் சபையில் இருக்க இயலாது என்றது அது. கூட்டணியினர் சத்தியஞ் செய்யவில்லை, சபைக்கும் செல்லவில்லை. மூன்று மாதம் தொடர்ந்து சமுகமளிக்காமையால், எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கம் முதலானோர் ஒக்டோபரில் ஆசனம் இழந்தனர். நம் முல்லைத்தீவுத் தொகுதியின் செல்லத்தம்புவும் அவர்களுள் ஒருவர். புதுக்குடியிருப்பின் வயல்களிலும் கரையோரத்திலும் உழைத்தோர் 1977இல் இட்ட புள்ளடி அத்தோடு செல்லாக்காசாயிற்று. 1989 பெப்ரவரித் தேர்தல் வரை அவர்களுக்காகப் பேச அச்சபையில் எவரும் இலர். அவர்கள் செய்த ஒழுங்கீனம் யாது?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2018 நவம்பரிற் சபாநாயகரின் ஆசனத்தை முற்றுகையிட்டனர், கதிரைகள் பறந்தன, மிளகாய்த்தூள் வீசப்பட்டது, சபாநாயகர் பொலிசார் சூழச் சபைக்குள் வரவேண்டியதாயிற்று. அதற்காக ஆசனம் இழந்தவர் ஒருவருமிலர்! மிளகாய்த்தூள் வீசிய கை தப்பியது. சத்தியஞ் செய்ய மறுத்த நா தண்டம் பெற்றது. பெரும்பான்மையின் கையிலுள்ள வாள் எவர் கழுத்தை நாடும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இங்கிலாந்திலும் இதுவே நடந்தது. 1769இல் யோன் வில்க்ஸ் வெளியேற்றப்பட்டார். மிடில்செக்ஸ் வாக்காளர் அவரை மீண்டும் மீண்டும் தெரிந்தனுப்பினர். சபையோ தோற்றவரை அழைத்து அமர்த்திக்கொண்டது. அத்தீர்மானத்தைத் தன் குறிப்பேட்டிலிருந்து நீக்க அச்சபைக்கு 1782 வரை காலம் பிடித்தது. 2021இல் மகாராட்டிர சட்டசபை ஒழுங்கீனங் காட்டிப் பன்னிருவரை ஓராண்டுக்கு இடைநிறுத்தியது. ஆசனம் வெறுமையாகாமலே தொகுதியின் குரல் அடங்குவதால் இது வெளியேற்றத்தினும் கொடிது எனக் கண்டு, இந்திய உச்ச நீதிமன்றம் 2022 சனவரியில் அதனை இரத்துச் செய்தது.

அவ்வாறாயின் ரௌடித்தனத்துக்கு மன்னிப்போ? அன்று. சபையைக் குழப்புபவரை அன்றைய அமர்விலிருந்து அகற்றுக, வேதனத்தை வெட்டுக, அடித்தவரை ஏனைய குடிமக்களைப் போல நீதிமன்றில் நிறுத்துக. ஆசனத்தைப் பறிக்கும் உரிமை மட்டும் அதனை வழங்கியவரிடம் இருக்கட்டும். இன்றைய விகிதாசார முறையில் வெற்றிடத்தைக் கட்சிப் பட்டியலில் விருப்பு வாக்கால் அடுத்து நின்றவர் நிரப்புகின்றார். வாக்காளனை எவரும் கேட்பதில்லை. தவறிய பிரதிநிதியைத் திருப்பியழைக்கும் உரிமையையே நாம் கோரவேண்டும்.

குடியியற் கல்வி கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் இதனை மறவாதிருத்தல் வேண்டும்: ஆசனம் அங்கத்தவரின் சொத்துமன்று, சபையின் தானமுமன்று. அது மக்களுடையது.