புயலை அளக்கும் பொறி தமிழ் பேசுக!

புயல் மோதுவது தமிழ்நிலத்தின் மீது. அதனைக் கணிக்கும் பொறியோ வடபுலத்தில் வீற்றிருக்கின்றது! 2024 செப்டம்பரில் புனேயிலும் நொய்டாவிலும் தொடங்கப்பெற்ற வானிலை மீக்கணிப்பொறிகளுக்கு ‘அர்க்கா’, ‘அருணிகா’ என்று பெயர். அவற்றுக்கு முன்னவை ‘பிரத்யூசு’, ‘மிகிர்’. ஞாயிறு, கதிரவன், பகலவன் என அடுக்கடுக்காய்ச் சொல்வளம் உடைய மொழி ஒன்று உண்டென்பதே தில்லிக்குத் தெரியாதோ? அதே மாதம் 2,000 கோடி உருவா ஒதுக்கிய திட்டத்துக்கும் ‘மிசன் மௌசம்’ என்றே பெயர்! ஆனால், 2020-இல் இந்தியா அளித்த 13 புயற்பெயர்களுள் ‘முரசு’ இடம்பெற்றது. அழிக்கும் புயலுக்குத் தமிழ்ப்பெயர். காக்கும் பொறிக்கு வடபெயர்! என்னே நயன்மை!

கணிப்பொறி அறிவைப் பழிப்பார் எவருமிலர். 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழப் பதினாயிரவர் மாண்டனர். 2013-இல் அங்கேயே வந்த பைலின் புயலில் மாண்டோர் நூற்றுவர்க்கும் குறைவு. முன்னறிந்து மக்களை அகற்றியமையே கரணியம். அவ்வறிவு தமிழர்க்கு முழுமையாய் வந்து சேர்ந்ததா என்பதே வினா.

2025 மே மாதம் வந்த புதிய கணிப்பமைப்பு, காற்றுவெளியை 6 கி.மீ. கட்டங்களாகப் பகுத்து அழுத்தம், வெப்பம், ஈரம், காற்று ஆகியவற்றைக் கணக்கிடுகின்றது. திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியோ ஏரிநிலம். அத்தகைய ஒரே கட்டத்துக்குள் ஏரிகளும் தாங்கல்களும் பல அடங்கும். மணிமங்கலத்தை அடுத்தே அடையாறு பிறக்கின்றது. திருப்பெரும்புதூர் ஏரியின் மிகைநீர் செம்பரம்பாக்கத்தை அடைகின்றது. 2015 திசம்பர் முதல் நாள் தொடங்கி ஒரு நாளில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது, ஏரியினின்று நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பெற்றது, சென்னை மூழ்கியது. 2023 திசம்பர் 4-இல் மிக்சாம் புயல் கரையோரமாய்க் கடந்தபோது, இப்பகுதியின் பேராலைகள் பல இயக்கம் நிறுத்தின. மாவட்டப் பெயரும் மஞ்சள், சிவப்பு வண்ணமும் மட்டும் சொல்லும் அறிவிப்பு, எந்த ஏரி எப்போது வழியும் என்று உழவனுக்கு உரைக்குமா? இரவுப் பணிக்குப் புறப்படும் ஆலைத் தொழிலாளிக்கு வழி காட்டுமா?

எனவே, தமிழ்நாட்டின் ஏரி, கால்வாய், மேடு, பள்ளம் அனைத்தையும் அறிந்த தனிக் கணிப்பமைப்பு தமிழ்மண்ணிலேயே எழல் வேண்டும். ஏரிவாரியாக, ஊர்வாரியாக, நாழிகைவாரியாக, எளிய தமிழில் அது பேசல் வேண்டும். அதன் பெயரும் தமிழாகவே இருத்தல் வேண்டும். ஏரி வெட்டிக் கலிங்கு கட்டி, வெள்ளத்தை அடக்கி ஆண்ட இனம், தன் வானத்தை அறியப் பிறர் வாயிலில் நிற்பதோ?

தன் மழையைத் தன் மொழியில் அறிவது இரவலன்று, உரிமை! விழித்தெழுக தமிழினம்!