ஒரே வயலுக்கு எத்தனை விளக்கம்?

டெல்டாவில் சம்பா நட்ட ஒருவர், நெல்லைப் போட்டுப் பணத்தைக் கையில் வாங்குவதற்குள் தன் வயலின் முகவரியை எத்தனை திரைகளில் நிரப்ப வேண்டியிருக்கிறது! பட்டா பார்க்க மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண். பயிர்க் காப்பீட்டுக்கு அதே விவரம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கான இணையப் பதிவில் மறுபடியும் அதுவே. இப்போது விவசாயிகளுக்கான 11 இலக்கத் தனி அடையாள எண்ணும் சேர்ந்திருக்கிறது. அவர் அலுத்துக்கொள்வது திரையின் முன்னால். சரிசெய்ய வேண்டிய இடமோ திரைக்குப் பின்னால் இருக்கிறது. மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழிதான் ஏபிஐ. எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும் என்று அதற்கு எழுதிவைக்கும் விவரக்குறிப்புக் கோப்பைப் பற்றி விவசாயச் சங்கங்களும் பேச வேண்டும் என்பது என் கட்சி.

'ஸ்வாக்கர்' என்ற பெயரில் தொடங்கி, 2015-இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்த 'ஓப்பன்ஏபிஐ'தான் இன்று இத்தகைய கோப்புகளுக்குப் பரவலான வடிவம். அதில் ஒரு சேவைக்குக் கொடுக்கும் உள்ளீட்டைப் பாராமீட்டர் என்பார்கள். கிராமக் குறியீடு ஒரு பாராமீட்டர், சர்வே எண் இன்னொன்று. 2017-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து, பல சேவைகளுக்கும் பொதுவானவற்றை 'காம்பொனென்ட்ஸ்' என்ற பகுதியில் ஒரே ஒரு முறை விளக்கிவிடலாம். தேவைப்படும் சேவை ஒவ்வொன்றும் 'ரெஃப்' என்ற சுட்டியால் அதைக் காட்டினால் போதும். பொதுப் பகுதியில் எழுதிவைத்ததாலேயே அது எல்லாச் சேவைக்கும் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாது. யார் சுட்டுகிறாரோ அவருக்கு மட்டுமே பொருந்தும்.

சர்வே எண்ணையே பாருங்கள். பத்திரத்திலும் பேச்சிலும் அது '112/3ஏ' என்பதுபோல வரும். அவசரத்தில் எழுதுபவர் அதை எண் என்று வரையறுத்தால் 'ஏ' நிற்காது. எழுத்துச்சரம் என்று சரியாகவே வரையறுத்து, இணைய முகவரியின் பாதையில் வைத்தாலும் நடுவிலுள்ள சாய்கோடு வம்பு செய்யும். முகவரியில் சாய்கோடு என்றால் அடுத்த படி என்று பொருள். பட்டா தளம் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் தனித்தனிக் கட்டங்களில் கேட்பது நல்ல முன்மாதிரி. இந்த முடிவை ஒரு துறை ஒரு முறை யோசித்து எடுத்தால் போதுமே, ஒவ்வொரு துறையின் ஒப்பந்த நிறுவனமும் ஏன் புதிதாகத் தடுக்கி விழ வேண்டும்?

பரப்பளவு இன்னும் ஆபத்தானது. பட்டாவில் ஹெக்டேர், ஏர். வயலில் ஏக்கர், மா. மூன்று மா ஓர் ஏக்கர். 'பரப்பு' என்று பெயர் மட்டும் வைத்து அலகைச் சொல்லாமல் விட்ட ஒரு பாராமீட்டர், 0.40 ஹெக்டேரை 0.40 ஏக்கராக வாங்கிக்கொண்டால் நிலம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுருங்கிவிடும். இழப்பீடும் கூடவே சுருங்கும்.

அளவுக்குப் பெயர் சூட்டி, அந்தப் பெயரையே எங்கும் சுட்டும் வழக்கம் தஞ்சாவூருக்குப் புதிதல்ல. 1010-இல் முடிந்த பெரிய கோயிலின் கல்வெட்டுகள், நெல்லை 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்ததாகச் சொல்கின்றன. அது ராஜகேசரி மரக்காலுக்குச் சமம் என்றும் குறிக்கின்றன. பொன்னை நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். ரத்தினங்களுக்குத் 'தட்சிணமேரு விடங்கன்' என்று தனிக் கல். பெயர் ஒன்றாக இருந்தாலும் நெல்லா பொன்னா என்பதை வைத்து எது என்று தெரிந்துவிடும். ஓப்பன்ஏபிஐயிலும் ஒரு பாராமீட்டரை அடையாளம் காண்பது பெயரால் மட்டுமல்ல. பாதையிலா, வினவலிலா, தலைப்பிலா, குக்கியிலா என்ற இடமும் சேர்ந்தே.

அளவைப் போலவே மாவட்டத்தையும் ஏன் ஒரே இடத்தில் விளக்க வேண்டும் என்பதற்கு மாவட்ட வரலாற்றைப் பாருங்கள். பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-இல் திருவாரூர் உருவானபோது, தஞ்சாவூரிலிருந்த வலங்கைமான் அதில் போய்ச் சேர்ந்தது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை 38-வது மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. சீர்காழியில் ஒரு வயல் அங்குலம்கூட நகராமல் மாவட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. மாவட்டப் பட்டியலை ஒவ்வொரு சேவையிலும் தனித்தனியே எழுதிவைத்திருந்தால், ஒவ்வொரு பிரிவினையின்போதும் அத்தனை இடத்திலும் திருத்த வேண்டும். ஓரிடத்தில் மறந்தால் அங்கே மட்டும் அந்த வயல்காரர் இன்னும் நாகப்பட்டினத்துக்காரர். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு, மாநிலம் முதல் கிராமம் வரை குறியீடு தந்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 33. எல்லாத் துறைகளும் சுட்டும்படி ஒரு பொதுக் கோப்பை எழுதினால், அதன் முதல் வரையறை அந்தக் குறியீடாகவே இருக்கட்டும். வருவாய்க் கிராமம் வேறு, ஊராட்சி வேறு என்பதை மட்டும் அங்கேயே பிரித்து எழுதிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவதும் தவறு. 'ஆண்டு' என்ற பாராமீட்டர் எல்லாத் துறைக்கும் பொதுவாகத் தோன்றும். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலை எழுதுவது பசலி ஆண்டுக்கு, ஜூலை முதல் ஜூன் வரை. 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434. வரவுசெலவுக்கு ஏப்ரல் முதல் மார்ச். மத்திய அரசின் நெல் கொள்முதல் பருவக் கணக்கோ பொதுவாக அக்டோபர் முதல் செப்டம்பர். ஒரே வரையறையை மூவரும் சுட்டினால் ஜூலையில் நிற்கும் குறுவை எந்த ஆண்டுக் கணக்கில் சேரும்? இங்கே மூன்று வரையறைகள் வேண்டும். எழுத்து ஒன்றுபோல இருக்கிறது என்பதற்காக அல்ல, பொருள் ஒன்றாக இருந்தால்தான் பொதுவில் வைக்க வேண்டும்.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது வேறு. பொது வரையறையின் பலமே அதன் அபாயமும். அங்கே ஒரு வரியை மாற்றினால் சுட்டியவர் அத்தனை பேருக்கும் மாறும். பட்டா எண்ணுக்கு நேராக 'கட்டாயம்' என்று யாரோ ஒருவர் எழுதிவிட்டால், காப்பீடு, கொள்முதல், நிவாரணம் என எல்லாக் கதவும் குத்தகைதாரருக்கு ஒரே நேரத்தில் சாத்தப்படும். டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாக உழுபவர்கள் ஏராளம். பட்டா அவர்கள் பெயரில் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலை வைத்துத்தான் அவர்கள் நெல்லைப் போடுகிறார்கள். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் அங்கீகரித்த ஒருவரைக் கோப்பின் ஒற்றை வரி வெளியே தள்ளிவிட அனுமதிக்க முடியாது.

ஆகவே வருவாய், வேளாண்மை, உணவு ஆகிய துறைகளும் நுகர்பொருள் வாணிபக் கழகமும் சேர்ந்து இந்தப் பொதுக் கோப்பை எழுதிப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அதற்கு ஒரு பொறுப்பதிகாரி வேண்டும். பதிப்பு எண் இல்லாமல் எந்தத் திருத்தமும் கூடாது. வழக்கமாகச் சம்பா காப்பீட்டுக்குக் கெடுவாகும் நவம்பர் 15-க்கு முந்தைய வாரங்களில் எதையும் மாற்றவே கூடாது. விளக்கங்கள் தமிழில் இருக்கட்டும். காம்பொனென்ட்ஸில் வைக்கும் சாவிப் பெயர்களுக்குத்தான் ஆங்கில எழுத்து வேண்டும், விளக்கத்தைத் தமிழில் எழுத எந்தத் தடையும் இல்லை.

குத்தகைதாரர் விஷயத்தில் எழுதுபவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். 'பட்டா எண், அல்லது குத்தகைப் பதிவு, அல்லது அடங்கல்: ஏதேனும் ஒன்று கட்டாயம்' என்ற நிபந்தனையைத் தனித்தனிப் பாராமீட்டர்களுக்கு இடையில் எழுத ஓப்பன்ஏபிஐ 3.0-இல் வழியில்லை. அதைச் சாக்காக வைத்துப் பட்டாவை மட்டும் கட்டாயமாக்கிவிட வேண்டாம். இந்த மூன்றையும் பாராமீட்டராக வைக்காமல், கோரிக்கையின் உடலில் 'நில ஆதாரம்' என்ற ஒரே ஸ்கீமாவாக, அதாவது தரவு வடிவமாக வைத்து, எது கிடைத்தாலும் ஏற்கும் 'எனிஆஃப்' விதியைக் கொடுத்தால் வேலை முடிந்தது.