படித்து முடித்தவரிடம் யார் கேட்பது?

பொதுத்தேர்வு முடிவு வந்த வாரத்தில் சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பேருந்தில் போகிறவர்கள் வயலையும் கரட்டையும்விட பேனர்களைத்தான் அதிகம் பார்ப்பார்கள். மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம், புதன்சந்தை என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கல்லூரியோ பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ கூப்பிடுகிறது. கோட்டு போட்ட மாணவரின் படம், கீழே நாலைந்து நிறுவனங்களின் சின்னம், அதற்கும் மேலே '100% வேலைவாய்ப்பு'. அந்த நூறை எண்ணியது யார், எப்போது எண்ணினார்கள், ஆஃபர் லெட்டர் வாங்கியவர் அந்த வேலையில் எத்தனை மாதம் இருந்தார் என்று பெற்றோர் கேட்க ஓர் இடமும் இல்லை. கேட்டால் கிடைக்கும் பதிலையும் அந்த பேனரை வைத்தவர்தான் சொல்ல வேண்டும்.

கலை, அறிவியல் கல்லூரிகளிடமாவது கொஞ்சம் கேள்வி கேட்கிறார்கள். 2017-ல் திருத்திய நடைமுறையில், தரமதிப்பீடு கேட்டு வரும் கல்லூரிகளின் மாணவர்களிடம் 'நாக்' அமைப்பு இணையவழியில் நேரடியாகக் கருத்துக் கேட்கத் தொடங்கியது. பாடத்திட்டத்தில் எவ்வளவு நடத்தி முடித்தார்கள், ஆசிரியர் தயாராகி வந்தாரா என்பது போன்ற இருபது கேள்விகள். கடைசியில் மாணவர் சொந்தமாக எழுத ஓர் இடம். தேசியத் தரவரிசைப் பட்டியலான என்.ஐ.ஆர்.எஃப்.பில், படித்து முடித்தவர்களின் நிலைக்கென்று தனி மதிப்பெண் உண்டு. இந்த ஏற்பாடுகளில் ஓட்டைகள் ஏராளம். தரவரிசைக்கான கணக்கைக் கல்லூரியே அனுப்புகிறது. 'நாக்' ஆய்வுக் குழுவினரே லஞ்சப் புகாரில் கைதானதை 2025 பிப்ரவரியில் நாடு பார்த்தது. இருந்தாலும் கேள்வி என்று ஒன்று அங்கே இருக்கிறது.

பாலிடெக்னிக்குகளில், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான என்.பி.ஏ. அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பவை மட்டும் பழைய மாணவர்களின் கணக்கைக் காட்டுகின்றன. ஐ.டி.ஐ.க்களுக்கு மத்தியப் பயிற்சி இயக்குநரகம் நட்சத்திரம் போட்டுப் பார்த்தது; விவரம் தந்தது நிறுவனங்களே. படித்து முடித்தவர்களைத் தேடிப்போய்க் கேட்ட ஆய்வு என்றால், மத்தியத் திறன் மேம்பாட்டு அமைச்சகம் 2018 ஜனவரியில் வெளியிட்ட ஐ.டி.ஐ. பட்டதாரிகள் பின்தொடர் ஆய்வைச் சொல்லலாம். படித்தவர்களில் 63.5 சதவீதம் பேர் வேலைக்கோ சொந்தத் தொழிலுக்கோ போயிருந்தார்கள் என்றது அது. நாடு முழுமைக்குமான சராசரி. ஐயந்திருமாளிகையில் இருக்கும் சேலம் அரசு ஐ.டி.ஐ.யின் முதல்வருக்கு அதனால் என்ன பயன்? அவர் நிறுவனத்தில் பிட்டர் படித்தவர்கள் எங்கே போனார்கள், வெல்டர்கள் எங்கே, கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரிவில் படித்த பெண்கள் எத்தனை பேர் கம்ப்யூட்டரைத் தொடும் வேலையில் இருக்கிறார்கள் என்று அந்தச் சராசரி சொல்லாது.

ஐ.டி.ஐ.க்கு வருகிறவர்கள் யார் என்று பார்த்தால் இந்தக் குறையின் கனம் தெரியும். பெரும்பாலும் பத்தாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண், தறியில் அப்பா, நூறு நாள் வேலையில் அம்மா. விசாரித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதே கல்லூரியில் படித்த பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதுதான் அவர்களுக்கு ஆய்வறிக்கை.

தமிழக அரசிடம் பணம் இல்லாததால் படித்து முடித்தவர்களிடம் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய் மதிப்பில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் தரம் உயர்த்தப்பட்டன. சி.என்.சி. எந்திரங்களும் ரோபோக்களும் வந்திறங்கின. 2022 மார்ச் 1-ல் 'நான் முதல்வன்', அதே ஆண்டு செப்டம்பர் 5-ல் 'புதுமைப் பெண்', 2024 ஆகஸ்ட் 9-ல் 'தமிழ்ப் புதல்வன்' என்று திறன் பயிற்சிக்கும் உதவித்தொகைக்கும் திட்டங்கள் வந்தன. பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேராத பிள்ளையைப் பட்டியலில் பிடித்து, 'உயர்வுக்குப் படி' முகாமுக்குக் கூப்பிட்டு, எங்கேயாவது சேர்த்துவிடும் அளவுக்கு நம் நிர்வாகம் கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறது. இந்தியாவின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 ஆக இருந்த 2021-22-ல் தமிழ்நாட்டின் விகிதம் 47. வாசல்வரை இவ்வளவு அக்கறையாகக் கூட்டிவருகிறோம். பின்வாசலில் ஒருவரையும் நிறுத்தி வைக்கவில்லை.

சரி, கேட்போம் என்று முடிவு செய்தால் எப்படிக் கேட்பது? சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் அது கூடுதல் சிக்கல்.

வழக்கமான படிவம் ஒன்று உண்டு. கடைசிப் பருவம் முடியும் நேரத்தில், ஹால் டிக்கெட் வாங்கவோ நோ டியூஸ் கையெழுத்துக்கோ வரிசையில் நிற்கும் மாணவரிடம் நீட்டப்படும் பீட்பேக் தாள் அது. பெயரும் பதிவெண்ணும் எழுத வேண்டும். செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணைக் கையில் வைத்திருக்கும் பயிற்றுநர் பக்கத்திலேயே நிற்பார். 'மிக நன்று' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை டிக் அடித்துவிட்டுப் போகும் மாணவரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன். இப்படிச் சேரும் தாள்கள் ஆய்வுக் குழு வரும்போது கோப்பில் அழகாக இருக்கும். பட்டறையில் ஒரு நட்டைக்கூட அவை முடுக்காது.

கேள்விகளும் அப்படித்தான். 'பயிற்சி திருப்தியாக இருந்ததா?' என்று ஒரு வெல்டர் மாணவரிடம் கேட்டுப் பலனில்லை. போன மாதம் உன் கையில் எத்தனை வெல்டிங் ராடு எரிந்தது? ஆறு பேர் நிற்க ஒருவர் பற்றவைத்தாரா, நீயே பிடித்தாயா? லேத் எத்தனை நாள் ரிப்பேரில் கிடந்தது? பயிற்றுநர் இடம் காலியாக இருந்த மாதங்கள் எத்தனை? சி.என்.சி. எந்திரத்தை ஓட்டினாயா, ஓட்டுவதைப் பார்த்தாயா? இப்படிக் கேட்டால் பதில் எண்ணாக வரும். எண்ணாக வரும் பதிலில் முகஸ்துதிக்கு இடம் குறைவு. இருபது பேர் தனித்தனியாகச் சொன்ன எண் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

படித்து முடித்தவரைத் தேடுவது இன்னும் கடினம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஏறியவர்கள் வடமாநிலங்களில் மாதக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பார்கள். கல்லூரியில் பதிந்த எண்ணுக்கான சிம் இப்போது கையில் இருக்காது. பெண்கள் விஷயத்தில், சேரும்போது கொடுத்த எண் பெரும்பாலும் அப்பாவுடையது. கூப்பிட்டால் அவர் எடுத்து, "பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க" என்பார். கணக்கெடுப்பவர் 'வேலையில் இல்லை' என்று குறித்துக்கொள்வார். அந்தப் பெண் புகுந்த வீட்டில் இருந்துகொண்டே ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார் என்பது அப்பாவுக்கே சரியாகத் தெரியாமல் இருக்கலாம்.

ஆளைப் பிடித்துவிட்டாலும் படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பிட்டர் படித்த இளைஞர் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை கூலி, சம்பளச் சீட்டு கிடையாது, பி.எஃப். கிடையாது. ஆனால் கற்ற தொழிலையே செய்கிறார். நாலு வருடத்தில் சொந்தப் பட்டறை போடவும் கூடும். இன்னொருவர் எலெக்ட்ரீஷியன் முடித்து, சேலத்தில் வீட்டிலேயே நடக்கும் வெள்ளிக்கொலுசுப் பட்டறையில் அண்ணனோடு உட்கார்ந்துவிட்டார். மூன்றாமவர் டிப்ளமா முடித்து ஓசூரில் நல்ல நிறுவனமொன்றில் சீருடை போட்டுக்கொண்டு ஒப்பந்தத் தொழிலாளியாகப் பெட்டி அடுக்குகிறார். கல்லூரியின் பேனரில் ஏறப்போவது மூன்றாமவர் படம்தான். படித்த படிப்பு கைகொடுத்தது முதலாமவருக்கு. 'வேலையில் உள்ளார், இல்லை' என்ற இரண்டே கட்டங்கள் போட்ட படிவம் இந்த மூவரையும் ஒன்றாக்கிவிடும். பி.எஃப். கணக்கைக் கல்விப் பதிவோடு கணினியில் இணைத்தால் போதும், ஆளைக் கேட்கவே வேண்டாம் என்று சில அதிகாரிகள் நினைக்கக்கூடும். வரிக் கணக்கோடு கல்விப் பதிவை இணைத்துப் பார்க்கும் முறை இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே பெரும்பாலோர் அந்தக் கணக்குக்குள் வருகிறார்கள். பள்ளிபாளையத்துத் தறிக்கூடமும் சங்ககிரி லாரிப் பட்டறையும் அப்படி எந்தக் கணினிக்குள்ளும் வராது. தொலைபேசியில் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

எப்போது கூப்பிடுவது என்பதில் பிரிட்டனிடம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. முன்பு அங்கே பட்டம் பெற்ற ஆறு மாதத்தில் கேட்டுவந்தார்கள். இப்போது பதினைந்து மாதம் கழித்துக் கேட்கிறார்கள். நம் ஐ.டி.ஐ.க்கு இந்தப் பதினைந்து மாதம் அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஐ.டி.ஐ. முடித்தவர் பலர் அப்ரண்டிஸாகப் போகிறார்கள், பெரும்பாலும் ஓராண்டு. ஆறாவது மாதம் கேட்டால், உதவித்தொகை வாங்கும் அத்தனை பேரும் 'வேலையில்' இருப்பார்கள். பதினைந்தாவது மாதம் கேட்டால்தான் நிறுவனம் அவரை வைத்துக்கொண்டதா, அடுத்த பேட்ச் வந்ததும் அனுப்பிவிட்டதா என்று தெரியும்.

இனி, கிடைத்த பதிலை என்ன செய்வது? இதில் நாமக்கல்லைவிட நல்ல ஆசான் வேறு இல்லை. பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ஆண்டுதோறும் பெயர் வந்த காலத்தில் இந்த மாவட்டத்துக் குடியிருப்புப் பள்ளிகளைத் தேடித் தமிழ்நாடு முழுவதிலுமிருந்து பெற்றோர் வந்தார்கள். எண் ஒன்று விளம்பரமானதும் பள்ளி அந்த எண்ணுக்காகவே நடந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடமே ஓடியது. 2017-ல் அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது (2025-26 முதல் அது கைவிடப்பட்டுவிட்டது). மாவட்டத்து ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்பதால் நடந்ததல்ல இது. அவர்கள் உழைப்பாளிகள்; எந்த எண்ணுக்குச் சேர்க்கை வந்ததோ அந்த எண்ணை உற்பத்தி செய்தார்கள்.

பிரிட்டனிலும் இதே கதைதான், உடைதான் வேறு. மாணவர்களிடம் கருத்துக் கேட்க 2005-ல் தொடங்கிய தேசிய மாணவர் ஆய்வு, பின்னர் நம் பாலிடெக்னிக்குகளுக்கு ஒப்பான கல்லூரிகளில் பட்டநிலைப் பாடம் படிப்போருக்கும் விரிவானது. அதன் முடிவைப் பல்கலைக்கழகத் தர மதிப்பீட்டோடும், அதன் வழியாகக் கட்டண உயர்வோடும் முடிச்சுப்போட்டபோது, 2017-ல் தேசிய மாணவர் சங்கமே ஆய்வைப் புறக்கணிக்கச் சொன்னது. தங்கள் பதிலே தங்கள் கட்டணத்தை ஏற்றப் பயன்படும் என்றால் யார் பதில் சொல்வார்கள்?

ஆகவே பட்டியல் வேண்டாம். 'சேலம் மண்டலத்தின் முதல் ஐந்து ஐ.டி.ஐ.க்கள்' என்று ஒரு வரி வெளிவந்தால் அடுத்த ஆண்டே மாணவர்களுக்குப் பதில் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு நடக்கும். நிறுவனத்தை நிறுவனத்தோடு ஒப்பிடுவதைவிடத் தொழிற்பிரிவு வாரியாகச் சொல்வது உபயோகம். இந்த ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்தவர்களில் இத்தனை பேரிடம் பேசினோம், இத்தனை பேர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள், வாரக் கூலி இதிலிருந்து இதுவரை, இத்தனை பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசி எண்ணை மறைக்கக் கூடாது. சேர்க்கை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் இது வர வேண்டும். இணையதளத்தில் ஏழாவது கிளிக்கில் கிடக்கும் பி.டி.எஃப். எந்தப் பெற்றோருக்கும் எட்டாது. பட்டறை பற்றிய பதில்கள், அதாவது ராடு, லேத், காலியிடம், முதலில் பயிற்றுநருக்கும் முதல்வருக்கும் போகட்டும். எந்திரம் ரிப்பேரில் கிடந்ததற்குப் பழி பெரும்பாலும் பயிற்றுநர்மேல் விழும்; குற்றம் அநேகமாகச் சென்னையில் நகராத கோப்பின்மேல் இருக்கும். அதை நிரூபிக்க அவருக்கும் இந்த எண்கள் உதவும்.

கேட்பவர் கல்லூரி ஆளாகவும் இருக்கக் கூடாது, கல்லூரிக்குப் படியளக்கும் துறையின் ஆளாகவும் இருக்கக் கூடாது. ஐ.டி.ஐ. வேலைவாய்ப்பு, பயிற்சித் துறையின்கீழ். பாலிடெக்னிக் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின்கீழ். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு மாணவர்களை இரண்டு துறைகள் இரண்டு விதமாக எண்ணுகின்றன. பெரியார் பல்கலைக்கழகத்தின் பொருளியல், சமூகவியல் மாணவர்களிடம் ஒரு பருவக் களப்பணியாக இதைக் கொடுக்கலாம். கருப்பூரிலிருந்து சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டமும் எட்டும் தூரம். அவர்களுக்கும் ஆய்வு என்றால் என்னவென்று புரியும். கூப்பிடும் குரலும் ஊர்க்குரலாக இருக்கும்.

பதில் சொல்ல ஆள் கிடைக்காது என்ற பயத்துக்கு மாற்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் ஐ.டி.ஐ., டிப்ளமா மாணவர்களும் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வாங்குகிறார்கள். சிம் மாறும், வங்கிக் கணக்கு அவ்வளவு சுலபமாக மாறாது. படிப்பு முடிந்து பதினைந்தாவது மாதம் ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கொடுக்கலாம்: கேள்விகளுக்குப் பதில் சொன்னவருக்கு ஆயிரம் ரூபாய். வேலை கிடைத்தவருக்கும் அதே ஆயிரம், கிடைக்காதவருக்கும் அதே ஆயிரம், 'அந்தப் படிப்பால் ஒரு பயனும் இல்லை' என்று திட்டியவருக்கும் அதே ஆயிரம். பெண்களும் அவர்கள் பெயரில் இருக்கும் கணக்கு வழியாகவே, அப்பாவின் போனைத் தாண்டி, நேராகக் கிடைப்பார்கள். பதிலோடு பெயர் சேர்ந்து கல்லூரிக்குப் போகாது என்ற உறுதியை எழுத்தில் தர வேண்டும். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் அதுதான்.

தனியார் ஐ.டி.ஐ. நடத்துபவர்கள் இதை எதிர்ப்பார்கள். சேர்க்கையே நடக்கவில்லை, இதில் இது வேறா என்பார்கள். முதலில் அரசு தன் வீட்டிலிருந்து தொடங்கட்டும். டாடா எந்திரங்கள் இறங்கிய 71 ஐ.டி.ஐ.க்களிலிருந்து வெளியேறியவர்களில் உதவித்தொகை வாங்கியவர்களின் பெயரும் கணக்கு எண்ணும் சென்னையில் இருக்கின்றன. அந்த எந்திரத்தில் கைவைத்தாயா, இப்போது என்ன வேலை, வாரம் எவ்வளவு கூலி என்று மூன்றே கேள்விகளோடு அடுத்த சேர்க்கைக்கு முன்பே கூப்பிடத் தொடங்கலாம்.