தீவகப் பெண்களின் களைப்புக்கு ஒரு பெயர் உண்டு

நெடுந்தீவுப் படகில் குறிகட்டுவானுக்கு வந்த என் மச்சாள், இறங்குதுறையில் ஏறி பஸ்ஸடிக்கு வருவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். "வயசு போகுதெல்லே" என்றார். வயது 38. பல மாதங்களாகப் பச்சையரிசி கொறித்துக்கொண்டிருந்தார். அப்படிக் கொறித்தால் கலியாணத்தன்று மழை பெய்யும் என்பார்கள். "உனக்குத்தான் முடிஞ்சுதே, இனி மகளின்ர கலியாணத்துக்குத்தான் மழை" என்று வீட்டில் பகிடி வேறு.

அந்தப் பகிடிக்குள் ஒரு நோய் அறிகுறி ஒளிந்திருந்தது. பச்சையரிசி, ஐஸ்கட்டி, மண், சாம்பல் என்று மனம் ஏங்குவது இரும்புச்சத்துக் குறைபாட்டில் அடிக்கடி காணப்படுவது. இரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.8. கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனாலே குருதிச்சோகை, கர்ப்பிணிக்கு 11. மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு இருந்ததை அவர் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

இலங்கையின் தாய் சேய் நலச் சேவை குறைசொல்லக்கூடியதல்ல. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். கர்ப்பிணிக்கு இரும்பு, போலிக் அமில மாத்திரைகள் இலவசம். ஆனால் நம் மனதில் இரும்பு மாத்திரை என்றால் கர்ப்பம் என்று பதிந்துவிட்டது. கடைசிப் பிள்ளையும் பால்குடி மறந்தபின், மாதவிடாய் நிற்கும்வரையான நீண்ட காலத்தில் அந்தப் பெண்ணின் இரத்தத்தை யார் பார்க்கிறார்கள்? தீவகத்தின் உண்மையான ஓட்டை இதுதான் என்பது என் எண்ணம்.

வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு மக்களுக்குத் தாம்போதி இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்குப் படகுதான். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம், பிறகு பஸ். களைப்புக்காக ஒரு நாள் கூலியை இழந்து யார் கடல் கடப்பார்கள்? 2022 நெருக்கடிக்குப் பிறகு முட்டையும் மீனும் பால்மாவும் விற்ற விலையில், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவரின் கோப்பையில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

என்னிடம் உள்ள யோசனை எளிமையானது. பெண் கடல் கடப்பதற்குப் பதிலாக இரத்த மாதிரி கடக்கட்டும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, தீவிலேயே இரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் காலைப் படகில் அனுப்பினால் பரிசோதனைக்குக் கெட்டுப்போகாது. முழுக் குருதிக் கணக்கோடு பெரிட்டினும் பார்த்தால் நல்லது. உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது அதுதான்; ஹீமோகுளோபின் குறையுமுன்பே அது குறைந்துவிடும். லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் கையிருப்பு வற்றிவிட்டது. காய்ச்சல், அழற்சி உள்ள நேரத்தில் மட்டும் பெரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும். இன்னொன்று: தலசீமியா மரபணுவைக் காவுபவர்களிலும் செங்குருதிக் கலங்கள் சிறுத்தே தெரியும். அவர்களுக்குக் கையிருப்பைப் பார்க்காமல் இரும்பு கொடுத்துப் பயனில்லை.

மாத்திரை கையில் வந்தாலும் பாதிப்பேர் இடையில் விட்டுவிடுகிறார்கள் என்றே தோன்றுகிறது. வயிறு பிரட்டும், மலம் கறுக்கும். கறுப்பைக் கண்டு மச்சாளும் பயந்து நிறுத்தினார். அது மாத்திரையின் நிறம்தான் என்று முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது பற்றி வைத்தியரிடம் கேட்கலாம்: ஒரு மாத்திரைக்குப் பின் ஏறத்தாழ ஒரு நாளைக்குக் குடல் இரும்பை உறிஞ்சுவது மந்தமாகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கர்ப்பிணிகள் கிளினிக்கில் சொன்னபடியே எடுக்க வேண்டும். கல்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது. ஹீமோகுளோபின் சரியான பின்னும் கையிருப்பு நிரம்ப மேலும் மூன்று மாதமளவு தொடர வேண்டும்.

எங்கள் பெரிய எதிரி சோற்றுக்குப் பின்னான பிளேன்ரீ. தேயிலை, உணவிலுள்ள இரும்பைக் கட்டிப்போடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம். முருங்கையிலை வறையும் பொன்னாங்காணியும் நல்லவைதான், ஆனால் இலைக்கறி இரும்பு குறைவாகவே உடலில் சேரும். இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விட்டால் கூடும். நண்டும் மீனும் போட்ட ஒடியற்கூழ் இந்த விஷயத்தில் இலைக்கறியை விடக் கெட்டிக்காரத்தனமான சமையல். வெள்ளி, திருவிழா என்று மச்சம் விலக்கும் நாட்களில் பயறு, கௌபியோடு தேசிக்காய். ஆனால் ஹீமோகுளோபின் ஏழு, எட்டு என்று விழுந்தபின் சாப்பாட்டால் மட்டும் மீளலாம் என்று நம்புவது காலத்தை வீணாக்குவது.

ஆண்களுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்பு குறைந்தால் மாத்திரையோடு நிற்கக் கூடாது. வயிற்றிலோ குடலிலோ இரத்தம் கசிகிறதா என்று பார்த்தேயாக வேண்டும். புண்ணாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம்.

மச்சாளின் இரத்தப்போக்குக்குக் காரணம் கருப்பைக் கட்டி. அதற்கு இப்போது வைத்தியம் நடக்கிறது. அடுத்த கிளினிக் திகதி வெள்ளிக்கிழமை. கடல் அடிக்காமல் இருந்தால் வருவார்.