சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்

முதுகில் ஒரு மூட்டை, காலில் கனத்த பூட்ஸ், பையில் சொற்பப் பணம். துணைக்கு ஒருவரும் இல்லை. இப்படித் தேச சஞ்சாரம் செய்யும் வாலிபர்களும் யுவதிகளும் இந்நாளில் பெருகிவிட்டார்கள். அந்தக் காலத்துப் பரதேசிக்கும் இவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பரதேசியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. இவர்களுடைய வீட்டிலோ தாயார் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இத்தகைய தனிப் பிரயாணிகள் விரும்பிச் செல்லும் குளிர்ந்த பிரதேசங்களில் ஒன்று, மலேசியாவில் பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலை. பூமத்திய ரேகைக்குச் சமீபமான தேசமாகையால் சமவெளியில் வேர்வை ஆறாய்ப் பெருகும். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை, சுமார் 5,000 அடி உயரத்திலுள்ள தானா ராத்தாவில் கொண்டு விடும்போதோ, மூட்டைக்குள் கம்பளிச் சட்டையைத் தேட வேண்டியதாகும். சுற்றிலும் தேயிலைச் சரிவுகள். 1929ல் தொடங்கிய 'போ' தோட்டம் அவற்றில் பிரசித்தமானது. இந்தச் சரிவுகளைப் பசுமையாக்கிய கைகளில் தமிழர் கைகள் அநேகம். ஆகவே கடைத்தெருவில் தமிழ் காதில் விழும்; தோசையும் கிடைக்கும். 'நம் ஊர்தானே!' என்ற தைரியம் பிறந்துவிடும்.

அந்தத் தைரியத்தை ஊர் எல்லையிலேயே விட்டுவிட வேண்டும். ஊரை ஒட்டியே காடு ஆரம்பிக்கிறது. நடைபாதைகளுக்கு எண்கள் இட்டிருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் மழைக்குப் பின் வேரும் சேறும் வழுக்கும். மூடுபனி இறங்கினால் முன்னால் உள்ள மரமே மறைந்துவிடும். 6,600 அடிக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் சிகரத்தில் பாசி போர்த்திய மரங்கள் ஒன்றைப்போல் ஒன்று நிற்கும். அடர்ந்த காட்டில் அந்தி சீக்கிரமே வந்துவிடும்.

இந்த மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் 1885ல் இங்கே அளவை செய்ய வந்தார். அவர் கண்ட இடம் இன்னது என்று படத்தில் தெளிவாகக் குறிக்கப்படவில்லை. 1925ல் ஸர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே மலைவாச ஸ்தலம் அமைக்கும் ஏற்பாடு உருவாயிற்று. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த செமாய் பழங்குடியினருக்கு அந்த இடம் ஒருநாளும் காணாமற்போனதில்லை என்பது வேறு விஷயம்!

இடம் தவறினால் நாற்பது வருஷம் காத்திருக்கலாம். மனிதர் தவறினால்? தாய்லாந்துப் பட்டுக்கு உலகப் புகழ் தேடித் தந்த அமெரிக்கர் ஜிம் தாம்ஸன், நண்பர்களுடன் இங்கே ஒரு பங்களாவில் தங்கியிருந்தார். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. பிற்பகலில் தனியே உலாவப் புறப்பட்டார், திரும்பவே இல்லை. போலீஸாரும் ராணுவத்தாரும் பழங்குடியினருமாக நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். அவர் எந்த வழி சென்றார் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை மர்மமே. ஊகங்களுக்கு மட்டும் குறைவில்லை.

தனியே போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. தனிமையில் மலையைப் பார்ப்பது ஒரு பாக்கியம். ஆனால் எத்தனையாம் எண் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்ற இரண்டையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, தங்கும் விடுதியில் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தத் துண்டு இருந்தால் தேடுகிறவர்களுக்கு ஒரு பாதை. இல்லாவிட்டால் மலை முழுவதும். கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். பள்ளத்தாக்கில் அதற்குச் சமிக்ஞை எட்டாமற் போகலாம். காகிதத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை. காலையிலேயே கிளம்புங்கள். பாதையில் சந்தேகம் தட்டினால் வந்த வழியே திரும்புங்கள். திரும்பியதும் மறவாமல் விடுதியில் தகவல் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் வெளியே புறப்படுகிறவர் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்றுதான் சொல்லுவார். போவது அவரவர் இஷ்டம். வருவது, கேட்டுக்கொண்டு நிற்பவருக்குக் கொடுத்த வாக்கு.